பிரெஞ்சுக்காரன் ஸ்டைலும் ஒரு பனியன்காரனின் வயித்தெரிச்சலும்

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டிருந்த விஷயம். போன அக்டோபர்ல பத்திக்கிச்சு. இன்னிக்குக் கொட்டித் தீர்த்துடறேன். பொறுமை இருக்கறவங்க படிங்க, இல்லாதவங்க நேரா கடைசிக்குப் போய்த் திட்டிட்டுக் கெளம்புங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

"பிரெஞ்சுக்காரனுக்கு ஸ்டைல் ரத்தத்துலயே ஊறியிருக்குப்பா!"

இந்த வசனத்தை எத்தனை பேர் வாயில கேட்டாச்சு! ஊர்லேர்ந்து சுத்திப் பார்க்க வர்றவங்க, லண்டன்லேர்ந்து வர்ற சித்தப்பா, பாரிஸ்லயே இருபது வருஷமா கெடக்குற நண்பர்கள், ஒருத்தர் பாக்கியில்ல. சொல்லிட்டுப் போகட்டும், அதுல எனக்கென்ன நஷ்டம்? ஆனா அந்த வசனத்துக்குப் பின்னாடியே ஒரு வால் வரும் பாருங்க. "நம்மாளுங்களுக்குத்தான் உடுத்தவே தெரியல."

அந்த வாலை நறுக்கத்தான் இந்தப் பதிவு.

மொதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன், புதுசா வந்தவங்களுக்காக. நான் திருப்பூர்க்காரன். பன்னெண்டு வயசுல பனியன் கம்பெனில கைமடியா சேர்ந்தவன் (டெய்லர் பக்கத்துல நின்னுக்கிட்டு பீஸை எடுத்துக் குடுக்குற, மடிச்சு வாங்குற பொடியனுக்கு அதுதாங்க பேரு). அப்புறம் செக்கிங், அப்புறம் குவாலிட்டி. 2006ல இங்க வந்து சேர்ந்தேன். தங்கமணிக்குப் பாண்டிச்சேரி, அவ குடும்பத்துக்கு அந்தக் காலத்துலேர்ந்தே பிரெஞ்சுக் குடியுரிமை. பாண்டிச்சேரிப் பொண்ணுக்கும் திருப்பூர்க் கைமடிக்கும் எப்படி முடிச்சு விழுந்துச்சுங்கறது தனிப் பதிவு. இப்போ ஒரு கிடங்குல வேலை. ஜனங்க ஆன்லைன்ல வாங்கிட்டுப் புடிக்கலைன்னு திருப்பி அனுப்புற துணியைப் பிரிச்சுப் பார்த்து, மறுபடி விக்கலாமா கூடாதான்னு சொல்ற வேலை. ஆக ஒரு மனுஷன் தெருவுல எதிர்ல வந்தா எனக்கு மூஞ்சி ரெண்டாவதாத்தான் தெரியும். மொதல்ல தெரியறது தையல்.

இருக்கற ஊரு த்ருவா. பாரிஸ்ல கிழக்கு ஸ்டேஷன்ல ரயிலேறுனா ஒன்றரை மணி நேரம். அறுபதாயிரம் சொச்சம் ஜனம். 1524ல ஊரே தீப்புடிச்சு எரிஞ்சு, அதுக்கப்புறம் மரச்சட்டம் வச்சுக் கட்டுன வீடுங்க வரிசையா சாஞ்சுக்கிட்டு நிக்கும், பார்க்க அம்சமா இருக்கும். மேப்புல பார்த்தா பழைய ஊரு ஷாம்பேன் பாட்டில் தக்கை மாதிரியே இருக்கும்னு டூரிஸ்டுங்களுக்குச் சொல்லுவாங்க. நெசமாவே அப்படித்தான் இருக்கு.

சரி, மேட்டருக்கு வரேன்.

அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை. தங்கமணிக்குத் தம்பி முறை ஆகுற பையன் ஒருத்தன், பாரிஸ் பக்கம் புறநகர்ல இருக்கான், கம்ப்யூட்டர் வேலை, நல்ல பையன்தான், வந்திருந்தான். மாப்ளைன்னு கூப்புடுவேன். மதியம் சோத்தைத் தின்னுட்டு ரெண்டு பேரும் காலாற நடந்து முனிசிபாலிட்டி கட்டடத்துக்கு எதிர்ல இருக்கற சதுக்கத்துல ஒரு காஃபிக் கடை வாசல்ல உக்காந்தோம். காலையில ஆறு டிகிரி, மூடுபனி. மத்தியானம் பதினேழு டிகிரி, மஞ்ச வெயிலு. புலவார் மரத்து இலையெல்லாம் பழுத்து ஈரத்துல ஒட்டிக் கெடக்கு. இந்த ஊர்ல வருஷத்துல நாலஞ்சு வாரம் இப்படி அமையும். அன்னிக்குன்னு பார்த்து கடைத்தெருவுல நல்ல கூட்டம்.

மாப்ள போனைச் சக்கரை டப்பா மேல சாய்ச்சு வச்சான். நான் ஏதோ வீட்டுக்குப் பேசப் போறான்னு நெனச்சேன். பார்த்தா எதிர்ல போற பொம்பளைங்களை வரிசையா படம் புடிக்கிறான்.

"என்ன மாப்ள இது?"

"ஸ்ட்ரீட் ஸ்டைல் மாமா. ஆட்டம் கலெக்ஷன். நம்ம ஊர் பொண்ணுங்க இதைப் பார்த்துக் கத்துக்கணும் மாமா. அந்தக் கோட்டைப் பாருங்க, அந்த ஸ்கார்ஃபைப் பாருங்க. பாரிஸை வுடுங்க, இந்தப் பட்டிக்காட்டுலயே இப்படின்னா! ரத்தத்துலயே ஊறியிருக்கு மாமா."

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ஒட்டகக் கலர்ல நீளக் கோட்டு போட்ட ஒரு அம்மா, நாப்பது வயசு இருக்கும், கடந்து போனவங்க நின்னாங்க, திரும்புனாங்க, எங்க மேஜைக்கு வந்தாங்க.

"முசியூ, என்னைப் படம் புடிச்சீங்களா?"

"நீங்க ரொம்ப எலகான்ட்டா இருந்தீங்க, அதான்..."

"நான் கேட்டது அது இல்ல."

குரல் ஒசரவே இல்ல. அழிக்கச் சொன்னாங்க. அழிச்சான். குப்பைக் கூடைக்குள்ள இருக்கறதையும் அழிக்கச் சொன்னாங்க. அதையும் அழிச்சான். இந்த நாள் நல்ல நாளாகட்டும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. (இந்த ஊர்ல செருப்பால அடிச்சாலும் கடைசில அதைச் சொல்லாமப் போக மாட்டாங்க.)

"என்ன திமிரு பார்த்தீங்களா மாமா" அப்டின்னான்.

நான் என்ன செஞ்சேன்னு கேட்பீங்க. ஒண்ணுஞ் செய்யல. காஃபியைக் குடிச்சேன். அந்தம்மா என்னையும் ஒரு பார்வை பார்த்துட்டுத்தான் போனாங்க, அதுக்கு எனக்கு வேணும்.

பிரான்ஸ்ல இது வெறும் மரியாதை விஷயம் மட்டும் இல்லீங்க. சிவில் சட்டம் 9ஆவது பிரிவு, 1970லேர்ந்து இருக்கு: ஒவ்வொருத்தருக்கும் அவங்க தனிப்பட்ட வாழ்க்கைக்கு மரியாதை கெடைக்கணும். அதை வச்சுத்தான் கோர்ட்டுங்க, ஒருத்தர் மூஞ்சி தெரியற படத்தை அவர் சம்மதம் இல்லாம வெளியிடறது தப்புன்னு தீர்ப்பு மேல தீர்ப்பா சொல்லி வச்சிருக்கு. தெருங்கறது பொது இடம்தானேம்பீங்க. பார்த்துக்கறதுக்குப் பொது. புடிச்சுக்கிட்டுப் போய் ஊருக்குக் காட்டி லைக்கு வாங்கறதுக்கு இல்ல.

இதோட முடிஞ்சிருந்தா பதிவு எழுதியிருக்க மாட்டேன். ராத்திரி சாப்பாடு. தங்கமணி ரசம் ஊத்திக்கிட்டிருக்கா. மாப்ள போனைக் காட்டி, "அக்கா, பதினஞ்சு பதினாறு வருஷத்துக்கு மேல இங்க இருக்க. இன்னும் அதே ஊதிப்போன ஜாக்கெட்டு, உள்ள அதே சுடிதாரு. இவங்களைப் பார்த்தாவது கத்துக்கக் கூடாதா?" அப்டிங்கறான். அவ சிரிச்சா. இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊத்துனா.

மூணு நாள் கழிச்சு, துணி மடிச்சுக்கிட்டே, மூஞ்சியைப் பார்க்காம கேட்டா: "ஏங்க, நானும் ஒரு நீளக் கோட்டு வாங்கிக்கட்டுமா? இந்த ஜாக்கெட்டு ரொம்ப அசிங்கமா இருக்கா?"

இப்போ புரியுதுங்களா ஏன் பத்திக்கிச்சுன்னு.

மாப்ள எடுத்த படத்துல இல்லாதவங்க யாருன்னு சொல்றேன் கேளுங்க. தங்கமணி ஆபீசு துப்புரவு வேலைக்குப் போறா. ஆபீசுக்காரங்க வர்றதுக்கு முன்னாடி முடிக்கணும். அக்டோபர் கடைசில இங்க எட்டே காலுக்குத்தான் விடியும். அதுக்கு மூணு மணி நேரம் முன்னாடி பஸ் ஸ்டாப்புல நிக்கற கும்பலைப் பார்த்திருக்கீங்களா? ஆப்பிரிக்கப் பொம்பளைங்க, போர்ச்சுகீசுக் கெழவிங்க, அரபுப் பொம்பளைங்க, பிரெஞ்சுக்காரங்களும் உண்டு. எல்லாம் கம்பளித் தொப்பி, ஊதுன ஜாக்கெட்டு, கீழ ஷூ. அவங்க நிக்கறதும் இதே தெருதான். இதே இலையுதிர் காலம்தான். அதுக்குப் பேரு ஸ்ட்ரீட் ஸ்டைல் இல்லையாம். சனிக்கிழமை சாயங்காலம் மூணு மணிக்கு, வெயில் அடிக்கறப்போ, செலவு பண்ணக் காசு வச்சிருக்கறவங்க கடைத்தெருவுல நடந்தா அது ஸ்டைலு. வெள்ளிக்கெழமை முகூர்த்தத்துல கல்யாண மண்டப வாசல்ல நின்னுக்கிட்டு, "தமிழ்நாட்டுக்காரன் ரத்தத்துலயே பட்டு ஊறியிருக்கு"ன்னு எவனாவது சொன்னா நாம சிரிக்க மாட்டோமா?

அடுத்த வாரம் நானே போய் எமீல் ஸோலா தெருவுல ஒரு பெஞ்சுல உக்காந்தேன். போன் பாக்கெட்டுக்குள்ள. ஒரு மணி நேரம். என்ன பார்த்தேன்? கறுப்பு ஊதுன ஜாக்கெட்டு. நேவி புளூ ஊதுன ஜாக்கெட்டு. மறுபடி கறுப்பு. டெக்கத்லான் மழைக்கோட்டு. சக்கரப் பையில லீக்ஸ் கீரைத் தண்டு நீட்டிக்கிட்டிருக்க மார்க்கெட்டுலேர்ந்து வர்ற பாட்டி. ட்ராக் சூட்டும் குறுக்கால ஒரு சின்னப் பையும் மாட்டுன பசங்க. அகலக் கால் ஜீன்ஸு போட்டு, அடிப்பக்கம் ஈர இலையில பொரண்டு முழங்கால் வரைக்கும் தண்ணி ஏறுன பள்ளிக்கூடப் பொண்ணுங்க. ஒட்டகக் கலர்க் கோட்டு வந்துச்சு, நாலோ அஞ்சோ. அந்த நாலஞ்சைத்தான் மாப்ள மாதிரி ஆளுங்க ஊர் முழுக்கன்னு சொல்றாங்க. மிச்சப் பேரெல்லாம் கண்ணுக்கே தெரிய மாட்டாங்க போல.

அப்புறம் அந்த ஸ்கார்ஃபு. ஏதோ தேவ ரகசியம் மாதிரி. பிரெஞ்சுக்காரி ஸ்கார்ஃப் கட்டறதுக்கு வீடியோ, புஸ்தகம், பாடம். காலையில ஆறு டிகிரி, மத்தியானம் பதினேழு டிகிரி இருக்கற ஊர்ல கழுத்துல துணி சுத்தாம என்னங்க பண்ணுவாங்க? குளுருனா சுத்தறது, வெயிலடிச்சா தொங்கவுடறது. எங்க ஊர்ல பால்காரர்லேர்ந்து பண்ணாடி வரைக்கும் தோள்ல துண்டு போட்டிருப்பாங்க. வேர்த்தா தொடைக்க, வெயிலடிச்சா தலைக்கு, உக்காந்தா கீழ விரிக்க. அதை ஒரு ஆளு அலட்சியமா ஒதறித் தோள்ல போடற அழகை யாராவது எட்டுப் பக்கக் கட்டுரை எழுதியிருக்காங்களா? துண்டு கட்டுனா பட்டிக்காடு, ஸ்கார்ஃப் கட்டுனா ரத்தத்துல ஊறுனது. நல்லா இருக்குங்க நியாயம்.

இந்த ரத்தக் கதை சும்மா வந்துடல. அது ஒரு யாவாரம். 2005ல நியூயார்க்ல சார்ட்டோரியலிஸ்ட்னு ஒருத்தர் தெருவுல போறவங்களைப் படம் புடிச்சுப் போட ஆரம்பிச்சாரு, உலகம் முழுக்கக் கெளம்புனாங்க. 2010ல இனெஸ் த லா ஃப்ரெஸாஞ்ஜ், பழைய மாடலம்மா, பாரிஸ்காரி எப்படி உடுத்தணும்னு ஒரு புஸ்தகமே போட்டாங்க, சக்கைப்போடு போட்டுச்சு. கோட்டு விக்கறவனுக்குக் கோட்டு மட்டும் வித்தாப் பத்தாது. இதைப் போட்டா நீ அவளா ஆயிடுவேன்னு சேர்த்து விக்கணும். மாப்ள காசு வாங்காம அவங்களுக்கு விளம்பரம் பண்றான், அவ்ளோதான்.

இந்தத் தெருப்படக்காரங்களுக்கெல்லாம் தாத்தா பில் கன்னிங்ஹாம். நியூயார்க் டைம்ஸுக்காக சைக்கிள்லயே சுத்திப் படம் புடிச்சாரு, 2016ல போய்ச் சேர்ந்துட்டாரு. அவர் எப்பவும் போட்டுக்கிட்டிருந்த நீலச் சட்டை என்ன தெரியுமா? பிரெஞ்சுத் தொழிலாளிங்க, தெருக்கூட்டறவங்க போடற நீல வேலைச்சட்டை. பாரிஸ்ல பே.ஆஷ்.வே. கடையில மலிவா வாங்குனது. அவர் மேல எனக்கு மரியாதை உண்டு, காசுக்கு மயங்காத மனுஷன். ஆனா அவருக்கு அப்புறம் அந்தச் சட்டை என்னாச்சு பாருங்க. தெருக்கூட்டறவன் போட்டவரைக்கும் அது சட்டை. இப்ப அதே நீலம் கண்ணாடி அலமாரிக்குள்ள, மூணு சைபர் வைக்காத குறையா விலை போட்டுத் தொங்குது. அதே பே.ஆஷ்.வே.லதான் 2025 நவம்பர்ல ஷீன் கம்பெனி மொதல் நிரந்தரக் கடையைத் தொறந்துச்சு. வெளிய ஆர்ப்பாட்டம், உள்ள போக நீள வரிசை. ரத்தத்துல ஸ்டைல் ஊறுன ஜனம்தாங்க அந்த வரிசையில நின்னது. தப்புன்னு சொல்ல வரல. மாசக் கடைசி எல்லா நாட்டுலயும் மாசக் கடைசிதான்.

இந்த மாதிரிச் சின்ன ஊர்க் கடைத்தெருவெல்லாம் எந்த லட்சணத்துல இருக்குன்னு ஸ்டைல் தேடி வர்றவங்க கண்ணுக்குத் தெரியறதே இல்ல. 2022 செப்டம்பர்ல கமாயூ திவால், ஐந்நூறுக்கு மேல கடை, 2600 பேருக்கு வேலை போச்சு. நடுத்தர வருமானப் பொம்பளைங்களுக்கு உடுப்பு குடுத்த கடை அது. 2025ல ஜெனிஃபர், பள்ளிக்கூடப் பொண்ணுங்க கடை, அதுவும் மூடியாச்சு. ஒவ்வொரு சின்ன ஊர்லயும் நல்ல தெருவுல ரெண்டு மூணு ஷட்டர் எறங்கியே கெடக்கும். ஜனங்க வின்டட்ல பழைய துணி வாங்கறாங்க. அது ஸ்டைலுக்காகன்னு பத்திரிகையில எழுதறாங்க. கிடங்குல நிக்கறவன் நான், எனக்குத் தெரியும் எதுக்காகன்னு.

இன்னொண்ணு. சொன்னா சில பேருக்குக் கோவம் வரும், வரட்டும். 2023 ஆகஸ்டுல பள்ளிக்கூடத்துல அபாயா போடக்கூடாதுன்னு அறிவிச்சாங்க. பள்ளிக்கூடம் தொறந்த மொத நாள் 298 பொண்ணுங்க போட்டுக்கிட்டு வந்தாங்க, 67 பேர் கழட்ட மாட்டேன்னுட்டாங்கன்னு அமைச்சரே கணக்குச் சொன்னாரு. நான் துணிக்காரன், துணியை மட்டும் பேசறேன். நீளமான, தொளதொளன்னு இருக்கற ஒரு அங்கி. எங்க கிடங்குக்கு அந்த மாதிரி வாரத்துக்கு எத்தனை வருது தெரியுமா? பேரு 'மேக்ஸி டிரெஸ்'. அதே நீளம், அதே தொளதொளப்பு, கையும் முழுக்கை. ஒருத்தி போட்டா இலையுதிர் கால ஃபேஷன், இன்னொருத்தி போட்டா வாசல்ல நிறுத்தி விசாரணை. உடுப்பைப் பார்த்து ஆளை எடை போடறது பிரெஞ்சுக்காரங்ககிட்ட மட்டும் இருக்கற குணமா? இல்ல. ஆனா இப்படி ஒரு நாட்டுல போய், "இங்க எல்லாரும் இஷ்டத்துக்கு ஜம்முனு உடுத்தறாங்க"ன்னு மயங்காதீங்க.

சரி, இப்ப எங்க வயித்தெரிச்சலோட மூலஸ்தானத்துக்கு வரேன்.

இந்த த்ருவா ஒரு பனியன் ஊருங்க! ஆமா, திருப்பூர் மாதிரியே. வந்த புதுசுல எனக்கே தெரியாது. 1745ல இங்க திரினித்தே ஆஸ்பத்திரின்னு ஏழை அனாதைப் புள்ளைங்களை வச்சிருந்த இடத்துல காலுறை பின்னுற தறிங்களைக் கொண்டாந்து போட்டாங்க, புள்ளைங்களுக்குத் தொழில் கத்துக்குடுக்கறோம்னு. அந்தக் கட்டடம் இப்ப கைத்தொழில் கருவிங்க வச்சிருக்கற மியூசியம். ஆயிரக்கணக்குல சுத்தியலும் உளியும் கண்ணாடிப் பொட்டிக்குள்ள அவ்ளோ அழகா இருக்கும். மொத தடவை போனப்போ எனக்குக் கருவி எதுவும் கண்ணுல ஏறல. அந்த 1745 மட்டும்தான் ஏறுச்சு. கைமடிப் பொடியனுங்க இங்கயும் இருந்திருக்கானுங்க.

அப்புறம் ஊரே பின்னலாடை. 1893ல ஆரம்பிச்ச பெத்தி பாத்தோ இந்த ஊருதான். 1918ல அந்தக் குடும்பத்துல எத்தியேன் வால்தோன்னு ஒருத்தர் நீளக் கால் உள்ளாடையோட காலை நறுக்கிவுட்டு இன்னிக்கு நாம போடற ஜட்டியைப் பண்ணாரு. 1933ல ரெனே லாகோஸ்த் டென்னிஸ்காரர் முதலைப் படம் போட்ட சட்டைக்குக் கூட்டு சேர்ந்தது இந்த ஊர் பின்னலாடை முதலாளி ஆந்த்ரே ஜில்லியேவோட. ஆயிரமாயிரம் பொம்பளைங்க மில்லுல வேலை பார்த்தாங்க. அப்புறம் வேலை கெழக்க கெளம்புச்சு. 2005 ஜனவரி 1, துணி ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா ஒழிஞ்சுது. அன்னிக்குத் திருப்பூர்ல நாங்க இனிமே ஆர்டர் கொட்டப் போகுதுன்னு மெதப்புல இருந்தோம். இந்த ஊர்ல அதே நாளைப் பத்திக் கேட்டா மூஞ்சி வேற மாதிரி போகும். இங்க சாயப்பட்டறை மூடுனதுக்கு ஆத்துல கலர் போச்சு, அங்க நொய்யல்ல கலர் ஏறுச்சு. 2011 ஜனவரில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைங்களை மூடச் சொல்ற வரைக்கும் ஏறிக்கிட்டே இருந்துச்சு. இப்ப இந்த ஊருக்கு ஜனம் எதுக்கு வருது? புறநகர்ல இருக்கற கம்பெனி அவுட்லெட்டுக்கு. 1995ல தொறந்த பெரிய மையம் ஒண்ணு பக்கத்துல போன்த் சேன்த் மரில இருக்கு. பஸ்ஸு பஸ்ஸா வந்து எறங்கறாங்க. தெச்ச ஊர்ல தையல் போயி வியாபாரம் நிக்குது.

அந்தப் பெஞ்சுல உக்காந்திருந்தப்போ ஒரு பையன் கடந்து போனான். வெள்ளை டீ-சர்ட்டு, மேல தொறந்துவிட்ட ஓவர்கோட்டு. மாப்ள பார்த்திருந்தா பத்துப் படம் எடுத்திருப்பான். நான் பார்த்தது, அவன் டீ-சர்ட்டோட சைடு தையல் வயித்துப் பக்கம் திரும்பிக் கெடக்கு. ஸ்பைராலிட்டி. சிங்கிள் ஜெர்சில நூல் முறுக்கு தப்பா இருந்தாலோ, காம்பாக்டிங்ல அவசரப்பட்டாலோ ரெண்டு சலவையில துணி முறுக்கிக்கும். 140 ஜி.எஸ்.எம். இருக்கும், அதுக்கு மேல இல்ல. அதை எவனோ ஒன்றரை ஷிப்டு பார்த்து, ராத்திரி எட்டரைக்கு டீ குடிக்கப் போற அவசரத்துல முடிச்சிருக்கான். எந்த ஊர்க்காரன்னு லேபிள்ல இருக்கணும்கற கட்டாயம்கூட ஐரோப்பாவுல கெடையாது. என்ன நூலுன்னு போட்டாகணும், எங்க தெச்சதுன்னு போட வேண்டியதில்ல. பிரான்ஸ்ல மட்டும் 2023லேர்ந்து பெரிய கம்பெனிங்க எங்க பின்னுனது, எங்க சாயம் போட்டது, எங்க தெச்சதுன்னு சொல்லணும்னு வச்சிருக்காங்க, அதுவும் இணையத்துல தேடிப் பார்த்தாத்தான். இந்த ஸ்டைலு அவன் ரத்தத்துல ஊறுனதாம். யார் வேர்வையில ஊறுனதுன்னு கேட்க ஆளில்ல.

ஒரு பக்கமாவே பேசறேன்னு நெனைக்காதீங்க. எனக்கும் ஜனங்களைப் பார்க்கப் புடிக்கும், ஒளிக்க என்ன இருக்கு. ஜோர்ஜ் பெரெக்னு ஒரு எழுத்தாளர், 1974 அக்டோபர்ல மூணு நாள் பாரிஸ் சேன் சுல்பீஸ் சதுக்கத்துல உக்காந்து கண்ணுல பட்டதையெல்லாம் எழுதி வச்சாரு. பஸ் நம்பர், புறா, பை தூக்கிட்டுப் போறவங்க, மழை. அழகா இருக்கறவங்களை மட்டும் பொறுக்கல. அந்தக் குட்டிப் புஸ்தகத்தை ஊர் நூலகத்துல எடுத்து, அரைகுறைப் பிரெஞ்சுல முட்டி மோதிப் படிச்சேன். அது பார்வை. மாப்ள பண்றது பொறுக்கல்.

பிரெஞ்சுக்காரங்ககிட்ட உடுப்பு விஷயத்துல ஒண்ணுமே இல்லையான்னா, இருக்கு. எங்க பில்டிங்ல மூணாவது மாடில ஒரு மதாம். எண்பது தாண்டிடுச்சு. குப்பை கொட்டப் போனாலும் லிப்ஸ்டிக். நேவி புளூ கோட்டு ஒண்ணு, முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சாம், உள்துணி ரெண்டு தடவை மாத்தியிருக்காங்க. வந்த புதுசுல லிஃப்டுல என் ஸ்வெட்டர் கையைச் சட்டுனு புடிச்சு மடிச்சுப் பார்த்து, "ஒரு கண்ணி வுட்டிருக்கான்"னாங்க. நான் அசந்துட்டேன். பதினாலு வயசுல மில்லுக்குப் போய், ஸ்வெட்டர் பாகங்களைக் கண்ணிக்குக் கண்ணி கோத்துச் சேர்க்கற வேலை. ரெமையூஸ்னு பேரு. நம்ம ஊர்ல லிங்கிங்கும்பாங்க. அவங்க கோட்டு அவங்க மேல அப்படி உக்காந்திருக்குன்னா அது பொறந்ததுலேர்ந்து வந்ததில்லீங்க. வாழ்நாள் பூரா அடுத்தவங்க துணிக்குக் கண்ணி கோத்து வந்தது. ஹீல் தேஞ்சா செருப்புக்காரர்கிட்ட குடுப்பாங்க, புதுசு வாங்க மாட்டாங்க. 2023 நவம்பர்லேர்ந்து அரசாங்கம் துணி, ஷூ ரிப்பேருக்குத் தள்ளுபடி குடுக்கற திட்டம் வந்ததுமே ஊர்ல மொத ஆளா விசாரிச்சது அவங்கதான்னு நெனைக்கறேன். இந்த ஸ்டைலை எடுத்துப் போட மாப்ளைக்குத் தோணல. சதுக்கத்துல அன்னிக்கு எங்களைத் தாண்டித்தான் போனாங்க. கையைக்கூட ஆட்டுனாங்க.

நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள். இங்க எல்லாரும் செவந்திப் பூத்தொட்டி வாங்கிட்டு அவங்கவங்க பெரியவங்க சமாதிக்குப் போவாங்க. வருஷா வருஷம் மதாமை என் ஓட்டை ரெனோல கூட்டிட்டுப் போறது எங்க வேலை, அவங்க வீட்டுக்காரர் அங்க இருக்காரு. பின்சீட்டுல மதாமும் தங்கமணியும், நடுவுல மஞ்சச் செவந்தித் தொட்டி. தங்கமணி அதே ஊதுன ஜாக்கெட்டு, உள்ள அவளே தெச்ச சுடிதாரு. தொட்டி சாயாமப் புடிக்கக் குனிஞ்சப்போ மதாம் கண்ணு டாப்போட ஓரத்துல பட்டிருக்கு. கண்ணாடியில பார்க்கறேன், மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கிட்டு, ஓரத்தைத் திருப்பி, விரல்ல தடவி, "கையால பண்ணதா? யாரு?"ங்கறாங்க.

"நான்தான்."

"எங்க கத்துக்கிட்டே?"

"எங்கம்மாகிட்ட."

மதாம் ஒண்ணும் சொல்லல. கல்லறை வாசல்ல வண்டி நிக்கற வரைக்கும் அந்த ஓரத்தைக் கையில வச்சுப் பார்த்துக்கிட்டே வந்தாங்க. நீளக் கோட்டுப் பேச்சு அதுக்கப்புறம் வீட்டுல வரல. வாங்கணும்னா அவ வாங்கிக்கட்டும், அது அவ இஷ்டம். மாப்ள சொன்னதுக்காக வாங்க வேண்டாம்.

பி.கு.: மாப்ள இதைப் படிப்பான்னு எனக்குத் தெரியும். மாப்ள, பொங்கலுக்கு வா, அக்கா உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்கா. போனை மட்டும் வாசல்ல செருப்புக்கிட்ட வுட்டுட்டு வா.